மருந்துச் சீசாவும் சாவிக்கொத்தும்

ஆப்பிரிக்கக் காட்டில் ஒரு மிஷனரி வைத்தியரின் அன்றாட வாழ்க்கை

கடல் கடந்து ஊழியம் செய்யப் போன கிறிஸ்தவ மிஷனரிமாரின் சரித்திரங்களை வாசித்தவர்களுக்கு இரண்டு நாட்கள் நன்றாக நினைவிருக்கும். அழைப்பு வந்த நாள் ஒன்று, கப்பலேறிய நாள் மற்றொன்று. அதன் பிறகு கொள்ளைநோயோ கலகமோ அகால மரணமோ வந்து கதைக்கு உச்சம் கொடுத்துவிட்டால், இடையில் கிடக்கும் ஆயிரக்கணக்கான சாமானிய நாட்களில் அந்த மனிதர் விடிந்ததும் என்ன வேலை பார்த்தார், எதற்குக் கோபப்பட்டார், மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் எங்கிருந்து காசு வந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் பரதேசத்தில் தொண்டு செய்யப் போனவர் யாரானாலும், அவருடைய ஆயுளில் பெரும்பகுதி அந்தச் சாமானிய நாட்களில்தான் கழிகிறது. அவர் செய்த தொண்டின் குணமும் குற்றமும் அங்கேதான் நிர்ணயமாகின்றன.

இதற்கு டாக்டர் ஆல்பர்ட் ஷ்வைட்சரைக் காட்டிலும் நல்ல சாட்சி கிடைப்பது அரிது. பூமத்தியரேகையை ஒட்டிய காபோன் தேசத்தில், ஓகோவே நதிக்கரையிலுள்ள லம்பரேனேயில் 1913-ஆம் ஆண்டு வைத்தியசாலை தொடங்கி, இடையிடையே ஐரோப்பாவுக்குப் போய் வந்தாலும், 1965-ஆம் ஆண்டு தொண்ணூறு வயதில் காலமாகும் வரையில் அந்த இடத்தையே தம் ஊழியக் களமாகக் கொண்டிருந்தவர் அவர். 1952-ஆம் ஆண்டுக்குரிய நோபல் சமாதானப் பரிசு அவருக்குக் கிடைத்தது. தத்துவ நூல்கள் எழுதிய அதே கையால் சீசா, தகர டப்பா, அரிசி, கூரை ஓலை ஆகியவற்றைப் பற்றியும் அவர் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். உலகம் மகான் என்று கொண்டாடிய மனிதரைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த ஓலைக்கும் அரிசிக்கும் அலைந்தவரைப் பார்ப்போம்.

முப்பது வயதுத் தீர்மானம்

அந்நாளில் ஜெர்மன் ஆட்சிக்கு உட்பட்டிருந்த அல்சேஸ் பிரதேசத்தில், ஒரு சபைப் போதகரின் மகனாக 1875-இல் பிறந்த ஷ்வைட்சர், இருபத்தொரு வயதிலேயே ஒரு சங்கல்பம் செய்துகொண்டார்: முப்பது வயது வரையில் கல்விக்கும் கலைக்கும் தம்மை ஒப்புக்கொடுப்பது, அதன் பிறகு மனிதருக்கு நேரடியாகத் தொண்டு செய்வது. அந்தக் கெடு முடிவதற்குள் தத்துவத்திலும் இறையியலிலும் டாக்டர் பட்டங்கள், ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்துத் திருச்சபையில் போதகர் பதவி, இறையியல் மாணவர் விடுதிக் கல்லூரியில் தலைமை, ஆர்கன் வாத்தியத்தில் ஐரோப்பா அறிந்த தேர்ச்சி, இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாக் பற்றி ஒரு பெரிய நூல் எல்லாம் அவருக்குச் சேர்ந்துவிட்டன. 1904-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் பாரிஸ் மிஷன் சங்கத்தின் பத்திரிகையொன்று அவருடைய மேஜைமேல் வந்து கிடந்தது. காபோனில் ஊழியர் போதவில்லை என்ற முறையீட்டை அதில் படித்தார். தொண்டு செய்யும் இடம் எது என்று தேடிக்கொண்டிருந்தவருக்கு விடை கிடைத்துவிட்டது. 1905 அக்டோபர் 13-ஆம் தேதி பாரிஸில் ஒரு தபால் பெட்டியில் சில கடிதங்களைப் போட்டார்; வைத்தியம் படித்து ஆப்பிரிக்காவுக்குப் போகப்போவதாகப் பெற்றோருக்கும் நெருங்கிய நண்பர்களுக்கும் அவற்றில் தெரிவித்திருந்தார்.

பதிலாக வந்தவை பெரும்பாலும் கண்டனங்கள். படித்த மனிதர் படிப்பை வீணாக்குகிறார் என்றார்கள் சிலர். காதல் தோல்வியோ என்று சந்தேகித்தவர்களும் உண்டு. அவர் யாரோடும் நெடுநேரம் வாதாடாமல், தாம் ஆசிரியராக இருந்த அதே சர்வகலாசாலையில் வைத்திய மாணவராகப் போய் உட்கார்ந்தார். அரசாங்கப் பரீட்சைக்குக் கட்ட வேண்டிய பணத்தை, மியூனிக் நகரத்துச் சங்கீத விழாவில் ஆர்கன் வாசித்துச் சம்பாதித்தார்.

வைத்தியராக வருகிறேன், சம்பளம் வேண்டாம், செலவும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவரைப் பாரிஸ் மிஷன் சங்கம் கட்டியணைத்து வரவேற்றிருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். நடந்தது வேறு. இயேசுவின் சரித்திரத்தைப் பற்றி அவர் எழுதியிருந்த ஆராய்ச்சிகள் ஆசாரமான கிறிஸ்தவர்களுக்கு உவப்பாக இல்லை. அவருடைய விசுவாசத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்றார்கள். கமிட்டியின் முன் நின்று பரீட்சை கொடுக்க மறுத்த ஷ்வைட்சர், அங்கத்தினர்களைத் தனித்தனியே அவரவர் வீட்டில் போய்க் கண்டு, வைத்தியம் மட்டுமே பார்ப்பேன், பிரசங்கம் செய்யமாட்டேன் என்று வாக்குக் கொடுத்து அனுமதி பெற்றார். காட்டுக்குள் வந்து சேர்ந்த பிறகு, அங்கிருந்த மிஷனரிமாரே அவரைப் பிரசங்கம் செய்யச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்கள் என்பது வேடிக்கை. தலைமைக் காரியாலயத்தில் மலைபோல் நின்ற வேற்றுமை, காய்ச்சலும் வெயிலும் எல்லாரையும் ஒன்றாக வாட்டுகிற இடத்தில் யாருக்கும் ஞாபகம் இல்லாமல் போயிற்று.

கையேந்தும் வித்தை

பணம் வேண்டுமே! ஸ்ட்ராஸ்பூர்க்கில் தம் சபையாரிடமும் சக பேராசிரியர்களிடமும் தெரிந்தவர்களிடமும் வீடு வீடாகப் போனார். விருந்தாளி என்று எண்ணி மலர்ந்த முகங்கள், யாசகர் என்று தெரிந்ததும் சற்றே மாறியதை அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். பாக் நூலின் வருமானமும், பாரிஸில் நடந்த கச்சேரியின் வசூலும் கூடச் சேர்ந்தன. 1913 பிப்ரவரியில் எழுபது பெட்டிகள் மூடப்பட்டுப் போர்தோ துறைமுகத்துக்குச் சரக்காகப் போயின. யுத்தம் வந்தாலும் வரலாம் என்று ஊகித்து, நோட்டுகளை நம்பாமல் இரண்டாயிரம் மார்க்கைத் தங்க நாணயமாகவே கையில் எடுத்துக்கொண்டார். அவ்வாண்டு பெரிய வெள்ளிக்கிழமையன்று அவரும், ஆப்பிரிக்காவுக்கென்றே தாதிப் பயிற்சி பெற்றிருந்த மனைவி ஹெலேனேயும் ஊரைவிட்டுப் புறப்பட்டார்கள். ஏப்ரல் மாதத்தில் லம்பரேனே வந்து சேர்ந்தார்கள்.

இந்த யாசகம் ஒரு முறையோடு முடியவில்லை. பிற்காலத்தில் ஐரோப்பாவுக்குத் திரும்பிய போதெல்லாம் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கமும் ஆர்கன் கச்சேரியும் நடத்தி, அதில் கிடைத்ததைக் கொண்டே அவர் வைத்தியசாலையை நடத்தினார். முதல் உலக யுத்தத்தினால் தலைமேல் ஏறியிருந்த கடனை, 1920-இல் சுவீடனில் செய்த பிரசங்கங்களும் கச்சேரிகளும் அடைத்துக் கொடுத்தன. ஆகையால், வேலை முடிந்த இராவேளையில், பாரிஸ் பாக் சங்கத்தார் பரிசளித்திருந்த கால்மிதிப் பியானோவில் அவர் செய்த சாதகம் மனத்துக்கு ஆறுதலாக இருந்ததோடு, நோயாளிகளின் மருந்துக்கு முதலீடாகவும் இருந்தது. கறையானும் ஈரமும் தின்றுவிடாதபடி உட்புறம் துத்தநாகத் தகடு வைத்துக் கட்டப்பட்ட வாத்தியம் அது.

கோழிக்கூண்டில் ஆஸ்பத்திரி

வந்ததும் சில நாள் ஓய்வெடுக்கலாம், அதற்குள் கட்டடம் எழும்பும் என்றிருந்த திட்டத்தை நோயாளிகள் முதல் நாளே முறித்துவிட்டார்கள். மருந்துப் பெட்டிகள் வந்து சேருவதற்கு முன்பே நதியின் மேலும் கீழுமிருந்து படகுகள் வந்தன. வாசலில் திறந்த வெளியிலேயே வைத்தியம் தொடங்கியது. மாலை மழை வந்தால் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வராந்தாவுக்கு ஓட வேண்டும். வேறு வழியில்லாமல், கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு கோழிக்கூண்டுக்கு வெள்ளையடித்து, அதையே பரிசோதனை அறையாக்கிக்கொண்டார். அதற்கு ஜன்னல் இல்லை, கூரையிலோ ஓட்டைகள். ஓட்டை வழியாக விழும் வெயிலுக்குப் பயந்து, அறைக்குள்ளும் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றாமல் வைத்தியம் பார்த்தார்.

மொழிபெயர்க்கவும் கட்டுப்போடவும் துணையாக வந்த ஜோசப் என்பவர் கலோவா இனத்தைச் சேர்ந்தவர். முன்பு சமையற்காரராக இருந்தவர். ஆகவே உடல் உறுப்புகளைக் கசாப்புக்கடைப் பெயர்களாலேயே அவர் சொல்லுவார். இந்த அம்மாளுக்கு விலாக்கறியில் வலி, அந்த ஐயாவுக்குத் தொடைக்கறியில் வலி என்ற ரீதியில் நோயின் வரலாறு வைத்தியருக்குக் கிடைக்கும்.

அங்கே வந்த நோய்களின் ஜாபிதா நீளமானது: மலேரியா, தூக்க வியாதி, குஷ்டம், வயிற்றுக்கடுப்பு, யானைக்கால், ஆறாத கால் புண்கள், இருதய நோய். குடல் இறக்கம் முறுகித் துடிதுடித்துச் சாகிறவர்கள் அப்பக்கத்தில் ஏராளம்; கத்தி வைத்தால் பிழைக்கக்கூடிய அந்த நோய்க்கு அதற்குமுன் அங்கே பரிகாரம் இருந்ததில்லை. ஆபரேஷன் நாட்களில் மயக்கமருந்து கொடுப்பது ஹெலேனேயின் பொறுப்பு. மற்ற நேரத்தில் வீட்டு நிர்வாகம், துணி வெளுப்பு, கருவிகளைச் சுத்தம் செய்தல், கட்டுத்துணி சேகரித்தல் எல்லாம் அந்த அம்மையாரின் கையில் இருந்தன.

ஆறு சட்டங்கள்

காலை எட்டரை மணிக்கு நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்ததும், உதவியாள் ஒருவர் எழுந்து வைத்தியரின் ஆறு சட்டங்களைக் கலோவா மொழியிலும் பஹுவான் மொழியிலும் உரக்க அறிவிப்பார். வைத்தியர் வீட்டருகே எச்சில் துப்பக் கூடாது. காத்திருப்பவர்கள் சத்தமாகப் பேசக் கூடாது. எல்லாரையும் காலையிலேயே பார்த்துவிட முடியாதாகையால், வருகிறவர்கள் ஒரு நாள் சாப்பாடு கொண்டுவர வேண்டும். அனுமதியின்றி இரவில் தங்கினால் மருந்து கிடையாது. மருந்து கொடுத்த சீசாவையும் தகர டப்பாவையும் திருப்பிக் கொண்டுவந்தே தீர வேண்டும். மாத நடுவில் நீராவிக் கப்பல் நதியில் மேலே போய்க் கீழே திரும்புகிற வரையில், அவசர நோயாளிகளைத் தவிர வேறு யாரும் வரக் கூடாது. இவற்றை ஊருக்குப் போய் எல்லாரிடமும் சொல்லுங்கள் என்ற வேண்டுகோளோடு அறிவிப்பு முடியும்.

அதிகாரத் தோரணை என்று முதலில் தோன்றக்கூடிய இந்தச் சட்டங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், பின்னால் ஒரு கஷ்டம் நிற்பது தெரியும். தூரத்து நோயாளிகள் மிஷன் பள்ளிப் பிள்ளைகள் படுக்கும் இடத்தில் இராத்திரியில் புகுந்து, பிள்ளைகளை வெளியே தள்ளிவிட்டுத் தாங்கள் படுத்துக்கொண்டதால் நான்காவது சட்டம் பிறந்தது. ஈரம் மிகுந்த அந்தச் சீதோஷ்ணத்தில் காகிதத்தில் மடித்த பொடி கெட்டுப்போகும். மூடி இறுகிய டப்பாவோ சீசாவோ இல்லாமல் மருந்து கொடுத்தனுப்ப வழியில்லை. அவையோ காட்டில் விலைக்கும் கிடையாதவை. அதனால் ஐந்தாவது சட்டம். ஐரோப்பாவுக்கு மருந்துக்கு எழுதும் கடிதங்கள் அந்தக் கப்பலில் போகாவிட்டால், நல்ல மருந்து தீர்ந்துபோய் எத்தனையோ பேர் தவிக்க நேரிடும். அதனால் ஆறாவது.

பார்த்து முடித்த நோயாளியின் கழுத்தில், எண் எழுதிய ஓர் அட்டை வில்லையை நூலில் கோத்துக் கட்டுவார்கள். அதே எண்ணுக்கு நேரே வைத்தியரின் புத்தகத்தில் பெயர், நோய், கொடுத்த மருந்து எல்லாம் இருக்கும். பல மாதம் கழித்து வந்தாலும், வில்லையைக் கண்டதும் முழு விவரமும் கிடைத்துவிடும். சீசா தொலையலாம், வில்லையைத் தொலைப்பவர் குறைவு.

இலவசமாகக் கிடைப்பதற்கு மதிப்பிராது என்பது ஷ்வைட்சரின் அபிப்பிராயம். முடிந்தவர்கள் காசோ வாழைக்காயோ முட்டையோ கோழியோ ஏதேனும் ஒன்றைக் கொடுக்க வேண்டும். தூரத்திலிருந்து வந்து கொண்டுவந்த சாப்பாடு தீர்ந்துபோன நோயாளிகளுக்கு அது உணவாகும். நோயாளி தனியாக வருவதும் இல்லை. நம் ஊர் தர்மாஸ்பத்திரி வாசலில் காண்பது போலவே, மனைவி மக்கள், தம்பி, பாட்டி என்று ஒரு குடும்பமே படகில் வந்து இறங்கும். அவர்களே சமைப்பார்கள், அவர்களே காவலிருப்பார்கள். அறிமுகமில்லாதவர் கையால் சமைத்ததை நோயாளி நம்பி உண்ணமாட்டார் என்பதையும், உறவினர் பக்கத்தில் இல்லாவிட்டால் அவருடைய மனம் தளர்ந்துவிடும் என்பதையும் உணர்ந்து, வைத்தியசாலையை ஒரு கிராமம் போலவே அமைத்துக்கொண்டதுதான் லம்பரேனேயின் தனிச் சிறப்பு.

பகலெல்லாம் சாவிக்கொத்தோடு அலைய வேண்டியிருந்ததைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். பூட்டி வைக்காத பொருள் காணாமற்போய்விடும். புத்தக அலமாரியிலிருந்து ஒருமுறை பாக் இயற்றிய இசைநூலின் பிரதி மறைந்தது. ஆர்கனுக்காக அவரே குறித்து வைத்திருந்த உழைப்பும் அதோடு போயிற்று. ஒரு மிஷனரியின் மனத்தைக் களைக்கச் செய்வது இத்தகைய சில்லறைத் தொல்லைகளே என்பதை அவர் ஒளிக்கவில்லை.

கொத்தனாராக மாறிய வைத்தியர்

1914 ஆகஸ்டில் யுத்தம் மூண்டதும், பிரெஞ்சுக் குடியேற்றத்தில் வாழ்ந்த ஜெர்மன் பிரஜைகள் என்ற காரணத்தால் தம்பதிகள் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார்கள். பின்னர் வைத்தியம் பார்க்க அனுமதி கிடைத்தது. 1915 செப்டம்பரில், நோயுற்றிருந்த ஒரு மிஷனரியின் மனைவியைப் பார்க்க நதியில் மெதுவாக ஊர்ந்து சென்ற படகிலேதான், நீர்யானைக் கூட்டமொன்றைக் கடந்த அந்தி நேரத்தில், உயிரிடத்துப் பயபக்தி என்ற தத்துவம் தமக்குப் புலப்பட்டதாக அவர் குறிப்பிட்டிருக்கிறார். உலகம் அறிந்த அந்தத் தத்துவம் உதித்தது, நோயாளியைப் பார்க்கப் போன ஒரு சாதாரணப் பிரயாணத்தின் நடுவில் என்பதைக் கவனிக்க வேண்டும். 1917-இல் இருவரையும் பிரான்சுக்குக் கொண்டுபோய்ச் சிறைமுகாமில் வைத்தார்கள்.

1924-இல் அவர் திரும்பி வந்தபோது, பாடுபட்டுக் கட்டியதில் பெரும்பாலானவை இடிந்து, பாதைகளைப் புல்லும் புதரும் மூடியிருந்தன. உடல்நலம் குன்றியிருந்த ஹெலேனேயும், 1919-இல் பிறந்த மகளும் ஐரோப்பாவிலேயே இருந்துவிட்டார்கள். ஊழியத்தின் விலையில் ஒரு பங்கை, அந்த ஊழியத்துக்கே பயிற்சி பெற்று வந்த மனைவி தனிமையில் இருந்து செலுத்தினார். காலையில் வைத்தியம், பிற்பகலில் கட்டட வேலை என்று அவருடைய நாட்கள் கழிந்தன. ராஃபியா பனையோலையில் தைத்த கூரைத் தடுக்குகளுக்காகப் படகேறிக் கிராமம் கிராமமாக இரந்தார். ஒருநாள் உத்தரம் தூக்க ஆள் போதாமல், நோயாளியைப் பார்க்க வந்து வெள்ளுடையில் உட்கார்ந்திருந்த ஒருவரைக் கைகொடுக்க அழைத்தார். நான் படித்தவன், மரம் தூக்குவதில்லை என்றார் அவர். கொடுத்து வைத்தவர் நீங்கள், நானும் படித்தவனாகத்தான் ஆசைப்பட்டேன், எனக்கு வாய்க்கவில்லை என்று சொல்லிவிட்டு, பல பட்டங்கள் பெற்றிருந்த வைத்தியர் உத்தரத்துக்குத் தோள்கொடுத்தாராம்.

அடுத்த ஆண்டு பஞ்சமும் வயிற்றுக்கடுப்பும் சேர்ந்து வந்தன. முந்தைய கோடையில் மழை விடாததால், வெட்டிய காட்டை எரித்துப் பயிரிட முடியவில்லை. மரவியாபாரத்துக்குப் போன ஆட்களும் வயலைக் கவனிக்கவில்லை. கடல் கடந்து வரும் அரிசியை நம்பி ஒரு வைத்தியசாலை பிழைக்க வேண்டியிருந்தது. தொற்றுநோய்க்காரரைப் பிரித்து வைக்க இடமில்லாததைக் கண்டு, நதியில் சுமார் மூன்று கிலோமீட்டர் மேலே புதிய இடம் தேர்ந்து, காடு வெட்டி, தூண்மேல் நிற்கும் தகரக் கூரைக் கட்டடங்களை எழுப்பி, 1927 ஜனவரியில் நோயாளிகளை அங்கே குடியேற்றினார். நோபல் பரிசுப் பணமும் பின்னாளில் அங்கே குஷ்டரோகிகளுக்காக ஒரு கிராமம் கட்டச் செலவாயிற்று.

இவ்வளவும் ஒருவரால் நடந்ததென்று எண்ணுவது பிழை. 1924-இல் வந்த தாதி மாதில்டே கோட்மான், அடுத்த ஆண்டு உபாத்தியாயினி வேலையை விட்டுவிட்டு வந்த எம்மா ஹவுஸ்க்னெக்ட் ஆகியோர் பல்லாண்டுகள் அங்கே உழைத்தார்கள். அரிசி அளப்பதும், தோட்டம் போடுவதும், வேலையாட்களை மேய்ப்பதும், உலகெங்கிலுமிருந்து குவியும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதும் அத்தகைய பெண்களால் நடந்தன. பெயர் ஒருவருக்கு, பாடு பலருக்கு.

குறளைக் கண்டவர்

தமிழர்களுக்கு ஷ்வைட்சர் வேறொரு வகையில் பரிச்சயமானவர். இந்தியச் சிந்தனையைப் பற்றி 1935-இல் அவர் வெளியிட்ட ஜெர்மன் நூலில், உலக வாழ்வைத் துறக்கும் போக்கை வன்மையாக விமர்சித்தார். டாக்டர் இராதாகிருஷ்ணன் பின்னர் அதற்கு விரிவாக மறுப்பு எழுதினார். ஆனால் அந்த நூலிலேயே திருக்குறளை அவர் மனமுவந்து போற்றியிருக்கிறார். வாழ்வை ஏற்றுக்கொண்டு, அன்பைச் செயலில் காட்டச் சொல்லும் அறம் அதில் இருக்கக் கண்டார். வாழைக்காயும் கோழியும் வாங்கிக்கொண்டு புண்ணுக்குக் கட்டுப்போட்டவருக்கு, இல்வாழ்வானின் விருந்தோம்பலையும் ஒப்புரவையும் பாடிய வள்ளுவர் நெருக்கமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

அண்ணன் என்ற ஆசனம்

இனி மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பா ஐசுவரியவான், ஆப்பிரிக்கா அவன் வாசலில் கிடக்கும் லாசரு என்ற வேதாகம உவமையை மனத்தில் கொண்டு, வெள்ளையர் இழைத்த அநீதிகளுக்கு ஒரு பிராயச்சித்தமாகவே தம் ஊழியத்தை ஷ்வைட்சர் கருதினார். அப்படிக் கருதியவரே, ஆப்பிரிக்கரைத் தம் சகோதரர் என்று ஒப்புக்கொண்டாலும், தம்மை அண்ணன் ஸ்தானத்தில் வைத்துக்கொண்டார். நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்சிபி 1975-இல் நிகழ்த்திய பிரசித்தமான சொற்பொழிவில் இந்த மனப்பான்மையைச் சுட்டிக் கண்டித்தார். 1960-இல் காபோன் சுதந்திரம் பெற்ற காலத்தில், லம்பரேனேயின் எளிமையைத் தரித்திரம் என்றும், அதன் சுகாதாரத்தைக் காலத்துக்கு ஒவ்வாதது என்றும் பலர் குறை கூறினார்கள்.

அந்தக் குறைகளில் சிலவற்றுக்குச் சமாதானம் உண்டு. குடும்பத்தோடு வந்து தங்கும் நோயாளிக்குப் பளபளக்கும் வார்டைவிட எளிய குடிசையே இசைந்தது. சமாதானம் சொல்ல முடியாத குறை ஒன்று இருக்கிறது. ஆப்பிரிக்கர் பலர் அங்கே உதவியாளர்களாகத் தேர்ச்சி பெற்றார்கள். ஆனால் ஆப்பிரிக்கரை வைத்தியர்களாக்கும் கல்விச்சாலையொன்று அத்தனை ஆண்டுகளில் அங்கே எழவில்லை. பெரியவர் மறைந்த பிறகு நிர்வாகம் அவருடைய மகளிடம் போயிற்று.

ஷ்வைட்சரின் காலத்தில் நம் வேலூரில் நடந்ததை ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். 1900-இல் டாக்டராக வந்த அமெரிக்க மிஷனரி ஐடா ஸ்கட்டரும் சிறிய அளவிலேயே தொடங்கினார். பணத்துக்கு அவரும் கடல் கடந்து போய்க் கையேந்தினார். ஆனால் 1918-இலேயே பெண்களுக்கு ஒரு வைத்தியப் பள்ளியை அவர் திறந்துவிட்டார். அந்த ஸ்தாபனத்தின் இயக்குநர் பொறுப்பு ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண்மணியிடம் வந்தபோது, அதைக் கண்ணால் காண ஐடா உயிரோடிருந்தார். 1960-இல்தான் அவர் காலமானார்.

லம்பரேனேயில் நடந்த அன்றாட உழைப்புக்கு வேலூரின் உழைப்பு எவ்வகையிலும் மேலானது அல்ல. சீசா தேடியதிலும் ஓலைக்கு இரந்ததிலும் உத்தரம் சுமந்ததிலும் ஷ்வைட்சர் காட்டிய வைராக்கியம், இன்றைக்கும் பரதேச ஊழியத்துக்குப் போக விரும்புகிறவர்கள் பாடமாகக் கற்கத் தக்கது. சிறிய வேலை தமக்குத் தகாது என்று எண்ணுகிறவர்கள் வீட்டிலிருந்துவிடுவதே நல்லது. ஆனால் அந்தச் சிறிய வேலைகளுக்குள் இன்னொன்றும் அடங்கும். சாவிக்கொத்தை அந்த மண்ணின் மக்களில் யார் கையில் கொடுப்பது, அதற்கு அவர்களை எப்படித் தயார் செய்வது என்ற யோசனையை வேலையின் முடிவில் வைத்துக்கொள்ளாமல், தொடக்கத்திலேயே அன்றாடக் கடமைகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறவருடைய ஊழியந்தான் அவருக்குப் பின்னும் அந்த மக்களுடைய சொந்த வேலையாக நிலைக்கிறது.